முப்பத்தெட்டு வரை

...இதற்கு ஜாவா என்ன செய்யும், பாவம், நிரல் எழுதுகிற மொழிதானே அது, என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு, பன்னிரண்டு வருடமாக யார் கேட்டாலும் நாக்கு நுனியில் தயாராக நிற்கிற பதில் அது, ஆனால் கண்ணெதிரே திரை வெள்ளையடித்த சுவராக வெளுத்துக் கிடக்கையில், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதி ஒட்டியிருக்கையில், பக்கத்து நாற்காலியில் கவுன்டர் அக்கா பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருக்கையில் அந்தப் பதிலை யாரிடம் போய்ச் சொல்வது... மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கவுன்டர், வேலை என்று பார்த்தால் கடுகளவு, பெயரைத் தட்ட வேண்டும், வயதைத் தட்ட வேண்டும், என்ன பரிசோதனை என்று தேர்ந்தெடுக்க வேண்டும், 'சேமி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், மேசையோரத்துக் குட்டிப் பிரிண்டர் ஒரு ஸ்டிக்கரைத் துப்பும், அதை டியூபில் ஒட்டிக் கையில் கொடுத்தால் ஆள் உள்ளறைக்குப் போய் ரத்தம் கொடுக்கலாம், அவ்வளவுதான். அழுத்துவதற்கும் துப்புவதற்கும் நடுவில்தான் இந்த வெள்ளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் வயிற்றோடு வந்த கூட்டம், சட்டைக் கையை இப்போதே மடித்துவிட்டுக்கொண்ட ஒரு தாத்தா, தோளில் தூங்குகிற குழந்தையோடு ஒருத்தி, எல்லோருடைய கண்ணும் கணினிமேல், கணினியை விட்டால் அவள்மேல். இவள்தான் இந்தச் சனியனைக் கட்டி மேய்க்கிறவள் என்று அக்கா யாரிடமாவது சொல்லிவிட்டாளோ... இருபத்தொண்ணு, இருபத்தி ரெண்டு. வீட்டில் கொழுந்தன் ஒருத்தன் இருக்கிறான், கைபேசிக்கு நிரல் எழுதுகிறவன், மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி, உங்க ஜாவாவக் கிளப்பி விட்டுட்டு நான் குளிச்சிட்டு, தலை துவட்டிட்டு வந்துடலாம் அண்ணி, என்பான், உங்க லேப்டாப் சூட்டுல ஆம்லெட் போடலாம் அண்ணி, என்பான், அவள் கணவர் அதற்கு வாய்விட்டுச் சிரிப்பார், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்றாள் அக்கா, பிரிண்டர் முனகியது, ஸ்டிக்கர் வந்தது.

மொழிமேல் பழி போடாதீர்கள், எழுதினவர்கள்மேல் போடுங்கள். இதுதான் அவளுடைய வாதம், இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஜாவா வக்கீல். தப்பு என்ன அதில்? ஜாவாவில் எழுதிய எத்தனையோ பெரிய சாமான்கள் உலகத்தில் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, யாராவது முணுமுணுக்கிறார்களா, ஆனால் மேசைக் கணினியில் ஒரு திரை, நான்கு பொத்தான் என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் இளப்பம், கிளம்ப நேரமாகிறது, நினைவகத்தைத் தின்கிறது, பொத்தான்கள் போன நூற்றாண்டு மாதிரி இருக்கின்றன, புதுத் திரையில் எழுத்து எறும்பாகத் தெரிகிறது... எல்லாம் உண்மைதான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் எறும்பைப் பெரிசாக்க வழி உண்டு, தீனியைக் குறைக்க வழி உண்டு, செய்யத் தெரிந்தவன் செய்தால். கவுன்டருக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னதும் இதைத்தான், அதற்கு முன் காலையில் எட்டரைக்கு நிர்வாக அதிகாரியின் அறையில் நின்றபோது சொன்னதும் இதைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றாமல், பாருங்கம்மா, எனக்கு மொழியும் தெரியாது, கிழியும் தெரியாது, மத்தியானத்துக்குள்ள ஏன் நிக்குதுன்னு சொல்லுங்க, இல்லன்னா அடுத்த மாசம் வேற கம்பெனி சாமான் வருது, என்றார். அது ஒன்று. வாசல் வரை வந்துவிட்டவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் கேட்டார், உங்ககிட்ட இருந்த பெரியவர் ஒருத்தர் எங்க கம்ப்யூட்டர் பிரிவு வேலைக்கு வந்திருக்கார், ரெண்டு மணிக்கு நேர்காணல், இதை எழுதினவரே அவர்தானாமே, இந்தக் கோளாறு அவர் கைவேலையான்னு பார்த்துச் சொல்லிடுங்க, அதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். பார்த்துட்டுச் சொல்றேன் சார், என்று வந்துவிட்டாள். சொல்லும்போது மனசின் ஓரத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததா இல்லையா, இருந்தது, பொய் சொல்வானேன்.

பெரியவர் என்று நிர்வாக அதிகாரி சொன்ன ஆளுக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பெயர். ஐம்பத்தாறு வயது, நாலு வார்த்தை பேசுவதற்குள் காப்பி ஆறிவிடும், ஒரு வரி எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடம் அதைப் பார்த்த அவளுக்கல்லவா தெரியும் அந்த எரிச்சல். ஒரு வருடத்துக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டார்கள். போகச் சொன்னார்கள் என்ன, அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், இரண்டும் ஒன்றுதான், அதன் பிறகு எங்கும் நிலையாக வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி, அந்த வயதுக்கு யார் தருவார்கள்... அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும். அக்கா அடுத்த ஆளுக்குப் பெயர் தட்டி முடித்துவிட்டாள், 'சேமி'யை அழுத்தினாள், அழுத்திய கையோடு பிரிண்டரின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள், மெதுவாக, குழந்தையைத் தட்டுகிற மாதிரி, பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு... காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் இந்தத் தட்டு. பொறுக்கமாட்டாமல் கேட்டாள், எதுக்குக்கா அதைத் தட்டறீங்க, சேமிக்கறது கணினி, பிரிண்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம். அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள், சம்பந்தம் எனக்குத் தெரியாதும்மா, தட்டினா சீக்கிரம் வருதோ இல்லையோ மனசுக்கு ஒரு இது, ஆனா ஒண்ணு, மூணாவது மாடியில புதுப் பிரிண்டரா வெச்சாங்களே, அன்னிலேர்ந்துதான் ரொம்ப மோசம், முன்னாடி இருபதுக்குள்ள வந்துடும், எழுதிக்கூட அனுப்பினேன், ரெண்டு தடவை. அனுப்பியிருந்தாள், உண்மை. இவளுக்கே ஞாபகம் இருந்தது அந்தப் புகார், ஏனென்றால் அதைப் படித்துவிட்டு மேசைக்கு மேசை கூப்பிட்டுச் சிரித்தார்கள், 'பிரிண்டர்களுக்கும் மென்பொருள் வேகத்துக்கும் சம்பந்தமில்லை, கணினியை ஒருமுறை அணைத்துப் போடவும்' என்று பதில் எழுதி மூடியவளே இவள்தான்.

அணைத்துப் போடவும்... எத்தனை பேருக்கு எத்தனை தடவை எழுதியிருப்பாள் அதை. அலுவலகத்தில் இது நின்றதே இல்லையே, அங்கே பொத்தானை அழுத்தினால் கண் இமைக்கும் நேரம், ஸ்டிக்கர் தயார், பிறகு எப்படி நம்புவது, எங்ககிட்ட வேகமாத்தான் ஓடுது சார், உங்க கணினிதான் பழசு, உங்க நெட்வொர்க்தான் சரியில்லை, நினைவகம் கூட்டுங்க, என்று மூன்று பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடி ஒன்பது வருடம் ஓட்டியாகிவிட்டது. இந்தக் கவுன்டருக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்களா என்றால், நிதானம் வந்திருக்கிறார் இரண்டு தடவை, அவள் வந்ததில்லை, எதற்கு வரவேண்டும், எல்லாம் அவருடைய அட்டவணைகள்தானே, நோயாளிகள் விவரம் மொத்தத்தையும் எடுத்து வைக்கிற கிடங்கு அவர் கட்டியது, திரையும் பொத்தானும் மட்டும் அவளுடையது. திரை நிற்கிறது என்றால் பின்னால் கிடங்கிலிருந்து சரக்கு வரவில்லை என்று அர்த்தம், கிடங்கு யாருடையது, அவருடையது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போன வருடக் கூட்டத்தில் எல்லோரும் யோசிக்காமல் ஒத்துக்கொண்ட கணக்குத்தானே இது. சரி, இன்று கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று அக்காவின் கணினியிலேயே கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டாள். நிரல் உறைந்து நிற்கிற நேரத்தில் ஒரு கட்டளை தட்டினால் போதும், அந்தக் கணத்தில் உள்ளே யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களை யார் அனுப்பியது, அனுப்பியவரை யார் அனுப்பியது என்று வரிசையாகக் கொட்டிவிடும், ஜாவா மாதிரி இவ்வளவு யோக்கியமாகத் தன் குடலை உருவிக் காட்டுகிற மொழி வேறு ஏது, கொழுந்தனிடம் இதை ஒருநாள் சொல்ல வேண்டும். அக்கா, நீங்க அழுத்தினதும் நான் ஒண்ணு தட்டிக்கறேன், ஒரு நிமிஷம் விசைப்பலகையைக் கொடுங்க, என்றாள். அக்கா அழுத்தினாள், பிரிண்டரைத் தட்டினாள், திரை வெளுத்தது, ஆறு, ஏழு, அவள் கட்டளையைத் தட்டினாள்.

நூறு, நூற்றைம்பது வரிகள் கொட்டின, அதில் வேண்டியது ஒரே ஒரு ஆள். இந்த மாதிரித் திரைகளுக்கு உள்ளே, கடைப் பையன் மாதிரி, கவுன்டரில் நிற்பவன் ஒருவன்தான், பொத்தான் அழுத்தியதைக் கேட்பதும் அவன், திரையை வரைவதும் அவன், அவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டால் திரும்பி வரும்வரை கடை பூட்டு, அதனால் அவனை எங்கும் அனுப்பக்கூடாது என்பது இந்தத் தொழிலில் கைநாட்டுக்கும் தெரிந்த விதி. அவனை யார் எங்கே அனுப்பியது என்று விரலால் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், கிடங்குக்குத்தான் போயிருப்பான், அட்டவணையின் பெயர் வரும், இதோ வரும்... வரவில்லை. கிடங்குப் பக்கமே அவன் போகவில்லை. பிரிண்டர். பிரிண்டர்களைத் தேடு. தேடிக்கொண்டிருக்கிறான். கட்டிடத்தில் என்னென்ன பிரிண்டர் இருக்கிறது என்று ஒவ்வொன்றின் கதவாகத் தட்டி, இருக்கியா, இருக்கியா என்று கேட்டு, பதில் வராத வீட்டு வாசலில் ஒரு விநாடிக்கு மேல் நின்று காத்திருந்து... அவள் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள், இன்னொரு தடவை தட்டினாள், அதே வரி. கணினியில் பிரிண்டர் பட்டியலைத் திறந்து எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று. அதில் உயிரோடு இருப்பது பத்துத் தேறாது, மற்றதெல்லாம் உடைந்து மூலையில் போட்டது, மாடி மாற்றிப் பெயர் மாற்றியது, பழைய பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு நாளும் இந்தச் செத்த பிரிண்டர்களை எல்லாம் எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் இருக்கிற பிரிண்டருக்கு வருகிறது. அலுவலகத்தில் பிரிண்டர் எத்தனை, ஒன்று. பெரியவர் பெயர் வந்து உட்காரவேண்டிய இடத்தில் இது யார்... அடுத்த வரி, அனுப்பியவர், அந்த வரியில் இருந்த கோப்பு திரைப் பகுதிக் கோப்பு. கை தன்பாட்டுக்கு மடிக்கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தது, இந்த வரியை எழுதியவர் யார், எந்தத் தேதி. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு முழுசாக. பக்கத்தில் அவளே எழுதி வைத்த குறிப்பு, 'தற்காலிகம், பிறகு மாற்ற வேண்டும்.'

ஒன்பது வருடம். தேதியைப் பார்த்ததுமே எல்லாம் வந்துவிட்டது, ஏழு மாத வயிறு, கால் இரண்டும் வீங்கி, மருத்துவமனையில் கவுன்டர் பிரிண்டர் பழுதாகிப் போய் ஸ்டிக்கர் வராமல் கூச்சல், அவள் அலுவலகத்தில் வயிற்றுக்கு மேல் விசைப்பலகையை வைத்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தது, ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்றைத் தானாகத் தேடிக்கொள்ளட்டும் என்று, முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார், எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நாளைக்கு ஒழுங்காக எழுதிவிடலாம் என்று போனவள் மறுநாள் படுக்கையில் கிடந்தாள், ரத்த அழுத்தம், பிறகு பிரசவம், பிறகு பால், பிறகு தூக்கமில்லாத மாதங்கள், அந்தத் தற்காலிகத்துக்கும் அவள் மகளுக்கும் இப்போது ஒரே வயது, இரண்டுமே வருடா வருடம் வளர்ந்திருக்கின்றன. அதுவும் போகட்டும், மனுஷி தவறு செய்வது சகஜம், கை தவறிப்போயிற்று என்று விட்டுவிடலாம்... ஆனால் அவர் கேட்டாரே. கேட்டாரே அந்த மனுஷர். கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால், மேசைப் பக்கம் வந்து நின்றுகொண்டு, அந்தப் பிரிண்டர் தேடுற இடத்தை ஒரு தடவை பாரும்மா, என்றார், அவசரமில்லை, நேரம் கிடைக்கறப்போ. அவர் தானே திறந்து மாற்றியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை, ஆனால் அடுத்தவர் எழுதியதில் கேட்காமல் கை வைக்கமாட்டார், அது அவர் வழக்கம், அந்த வழக்கத்துக்கும் சேர்த்துத்தான் அவரைக் கேலி செய்வார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், பார்த்தாச்சு சார், அதுல ஒண்ணுமில்ல, என்றாள். பார்க்கவில்லை. ஒரு விநாடி கூடப் பார்க்கவில்லை, மேசைப் பக்கத்திலிருந்து அவரை நகர்த்திவிடுவதற்காகச் சொன்னது அது.

அடுத்த வாரம் கூட்டம். முதலாளி மேசையைத் தட்டி, ஜாவான்னாலே இப்படித்தானா, வேற மொழியில எழுதிடலாமா, என்று கேட்டதும் வக்கீல் எழுந்துவிட்டாள், மொழியில தப்பில்ல சார், எழுதினவங்க ஒழுங்கா எழுதலன்னா எந்த மொழியா இருந்தாலும் மெதுவாத்தான் இருக்கும். யார் பெயரும் சொல்லவில்லை, அதுதான் அவளுடைய சாமர்த்தியம் என்று அன்றைக்கு நினைத்தாள், எட்டுத் தலையும் தானாகத் திரும்பி நிதானத்தைப் பார்த்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை ஓரத்தால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு, பார்க்கிறேன், என்றார். ஒரு வார்த்தை. பார்க்கிறேன். பதில் சொல்ல வக்கில்லாமல் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் தண்ணீர் குடித்தாள், அந்த மாதக் கடைசியில் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே இரண்டு தடவை வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்த மனுஷர், இதே கட்டளையைத் தட்டாமலா இருந்திருப்பார், இதே வரியைப் பார்க்காமலா... அக்கா, என்று கூப்பிட்டாள், முன்னாடி ஒருத்தர் வந்தாரே, கண்ணாடி போட்டவர், அவர் ஏதாவது சொன்னாரா. அக்கா யோசித்தாள். பாவம் நல்ல மனுஷன், பிரிண்டரை ஏன் தட்டறேன்னு அவரும் கேட்டார், உன்னை மாதிரி சலிச்சுக்கல, தட்டுங்க தட்டுங்க, நீங்கதான் சரியான இடத்துல தட்டறீங்க, அப்படின்னார், எனக்கு ஒண்ணும் புரியல. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஒரு ஆத்திரம், யார்மேல் என்று பார்த்தால் முதலில் அவர்மேல்தான் வந்தது, அதுதான் வேடிக்கை, வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பதற்கு என்ன, உன் வரிதான்மா அது என்று எட்டுப் பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும், இந்த நல்லவர்களோடு பெரிய ரோதனை.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை. மணி பன்னிரண்டே கால். நிர்வாக அதிகாரி வருவார், சார், தப்பு என்னுது, அவர் எழுதினதில்ல, என்று சொல்ல வேண்டும், ஐந்து வார்த்தை, நிதானத்துக்கு ரெண்டு மணி நேர்காணல் நல்லபடியாக முடியும், அவளுக்கு... அவளுக்கு என்ன ஆகும், முதலாளிக்குத் தொலைபேசி போகும், ஒன்பது வருடப் புகார்கள் அத்தனைக்கும் பதில் எழுதியவள் யார் என்று தோண்டுவார்கள், வக்கீல் கதை ஊர் சிரிக்கும், வீட்டில் கொழுந்தன் ஒன்றும் சொல்லமாட்டான், சிரிக்காமல் தலையைக் குனிந்துகொள்வான், அதுதான் அதைவிட மோசம். இல்லை, முழுசாகச் சொல்ல வேண்டுமா, அவருடையது இல்லை என்று மட்டும் சொன்னால் போதாதா, அவருக்கு வேண்டியது அவ்வளவுதானே... இதற்குள் நிர்வாக அதிகாரியே வந்துவிட்டார், கையில் ஒரு கோப்பு, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என்னம்மா, பிடிச்சீங்களா. பிடிச்சுட்டேன் சார். அந்தப் பெரியவர் எழுதினதுலதானே கோளாறு. அவரோடது இல்ல சார், என்றாள், குரல் தெளிவாகத்தான் வந்தது. அப்போ யாரோடது, என்றார் அவர். அவள் விசைப்பலகையை அக்கா பக்கம் தள்ளி வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அவராகவே தலையை ஆட்டினார், எங்க மாப்பிள்ளை இந்தக் கம்ப்யூட்டர் வேலையிலதான் இருக்கார், அவர் சொல்றார், ஜாவான்னாலே மேசைக் கணினியில இப்படித்தான் இழுக்குமாம், யார் எழுதினாலும், அப்படியா. ஆமா சார், என்றாள். ஜாவான்னா கொஞ்சம் அப்படித்தான்.

சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள், ஒரு தடவை, கொழுந்தனுக்குக்கூட விட்டுக்கொடுக்காததை. அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள், காலைல வேற மாதிரி சொன்னியேம்மா, மொழிமேல போடாதீங்கன்னு, என்றாள், குறும்பாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். அதற்குள் நிர்வாக அதிகாரி, அப்போ சாமானையே மாத்திட வேண்டியதுதான், மொழியே சரியில்லன்னா என்ன பண்றது, என்று கோப்பில் ஏதோ எழுதப் போனார், அவளுக்குப் பகீரென்றது, இல்ல சார், இல்ல சார், மாத்த வேண்டாம், ஒரு சின்ன இடம்தான், ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவேன், இன்னிக்கு சாயங்காலமே அழுத்தினதும் வந்துடும். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். முகம் மலர்ந்தது. பரவாயில்லையே, ஒரு காலைல வந்து ஜாவாவையே மடக்கிட்டீங்களே, கெட்டிக்காரம்மா நீங்க, உங்க முதலாளிகிட்ட சொல்றேன். சிரித்தவர் சிரிப்பை முடிக்கவில்லை, கோப்பைப் பார்த்தார், மேல்தாளில் ஒரு புகைப்படம், கண்ணாடி போட்ட முகம், தலைகீழாகத் தெரிந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அப்போ ஒண்ணு கேக்கறேன், என்றார், ஒரு மணி நேர வேலைங்கறீங்க, இத்தனை வருஷம் அந்த மனுஷன் உங்ககிட்ட இருந்தாரே, இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியலையா அவருக்கு, அந்த மாதிரி ஆளை எடுத்து நான் என்னம்மா பண்றது.

அக்கா 'சேமி'யை அழுத்தினாள், பிரிண்டரை ஒரு தட்டு தட்டினாள். திரை வெளுத்தது. நிர்வாக அதிகாரியின் கண் திரைக்குப் போயிற்று, இதுதானா அது, என்று குனிந்து பார்த்தார், இதுதான் சார், கொஞ்சம் இருங்க, முப்பத்தெட்டுல வந்துடும், என்றாள் அக்கா. ஸ்டிக்கர் வந்ததும் அவர் நிமிர்வார், நிமிர்ந்ததும் இவள் பக்கம் திரும்புவார், பதில் சொல்ல வேண்டும், அதுவரை நேரம் இருக்கிறது, எவ்வளவு நேரம் என்றுகூடத் துல்லியமாகத் தெரியும். அவருக்குத் தெரியும் சார், என்று ஆரம்பிக்கலாம். தெரிஞ்சும் சொல்லல சார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். ஒன்பது, பத்து. சட்டை ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தாரே, துடைத்துக்கொண்டே இருந்தாரே, எவ்வளவு நேரம் இருக்கும் அது, அன்றைக்கு யுகமாகத் தோன்றியது, எண்ணிப் பார்த்தால் இவ்வளவுதான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் கையில் அவள் பெயர் இருந்தது, எடுத்துக் காட்டுவதா உள்ளே வைப்பதா என்று இருந்தார், வைத்துவிட்டார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவளை ஏன் காப்பாற்றினார் என்று இப்போது கேட்டால், காப்பாற்றினாரா, இல்லை, நீயே பார்த்துச் சொல்வாய் என்று காத்திருந்தாரா, ஒரு வருடமாக, வேலை இல்லாமல்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் தோளில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு இவளையே பார்த்தது. இவள் கை தானாகப் போய்ப் பிரிண்டரின்மேல் இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது அது, எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

முப்பத்தொண்ணு, என்றாள் அக்கா.